தெளிந்த போத்தலில் என்ன இருக்கிறது?



வீட்டில் ஊறப்போட்ட பழரச மது கலங்கலாக இருந்தால் அதை எப்படித் தெளிய வைக்கிறார்கள், தெளிந்தபின் அதிலிருந்து எது நீங்கியிருக்கும், எது நீங்காமல் தங்கியிருக்கும் என்பதைப் பற்றி இன்று பேசுவோம். குடிப்பவர்களுக்கு மட்டுமான பேச்சல்ல இது. குடிக்கிறவர் ஒருவர் இருக்கும் வீட்டில் குடிக்காதவர்கள் நான்கு பேர் இருப்பார்கள். நள்ளிரவில் ஏதேனும் நேர்ந்தால் ஓடப் போகிறவர்கள் அவர்கள்தாம். ஆகவே தாய்மார்களும் பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து கேட்பது நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி குற்றம். மது காய்ச்சச் சொல்லிக்கொடுக்க நாம் இங்கே வரவில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் காலத்தில் சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ உறவுக்காரர் வீட்டிலிருந்து ஒரு போத்தல் திராட்சை ரசம் வந்து சேர்கிறது. கல்யாண வீட்டுப் பின்கட்டில் யாரோ ஒருவர் வேறொரு போத்தலைத் திறக்கிறார். திறந்தவுடன் எல்லாரும் செய்வது ஒரே காரியம்: வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். "கண்ணாடி மாதிரி இருக்கு, நல்ல சரக்கு" என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் நாம் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

பழச்சாறு புளித்து முடிந்ததும் ஏன் கலங்கி நிற்கிறது? அதில் நான்கைந்து பொருள்கள் மிதக்கின்றன. சீனியைத் தின்று சாராயச் சத்தாக மாற்றிய ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கும். பழத்தின் சதைத் துணுக்குகள் இருக்கும். கொய்யா ஜாமைக் கெட்டியாக்குகிறதே, அந்தப் பெக்டின் என்ற பசை இருக்கும். புரதச் சத்து இருக்கும். திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் இறங்கிய துவர்ப்பு இருக்கும். பெரிய துணுக்குகள் இரண்டொரு நாளில் அடியில் உட்கார்ந்துவிடும். ஈஸ்டுக்குச் சில வாரங்கள் ஆகும். மிக நுண்ணியவை மட்டும் மாதக் கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். ஏன் அவை இறங்குவதில்லை?

இதற்கு விடை நம் தோட்டத்திலேயே இருக்கிறது. கெடாவில் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்கள் பல. வீட்டு மனைகளாகிப் போனவையும் பல. ஆனாலும் ஸ்டோரில் பாலை வடிகட்டி, தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைத்ததைக் கண்ட பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மரத்திலிருந்து வடிந்த பால் ஏன் பாலாகவே நிற்கிறது? அதிலுள்ள ரப்பர்த் துளிகள் ஒவ்வொன்றும் ஒரே வகை மின்னூட்டம் பெற்றவை. ஒன்றையொன்று தள்ளிவிடுவதால் சேரமாட்டா. ஆசிட்டை ஊற்றியதும் அந்த மின்னூட்டம் தணிகிறது. தள்ளிக்கொண்டிருந்த துளிகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் கட்டியாகிறது. கலங்கிய மதுவிலும் இதே சண்டைதான் நடக்கிறது. ஒரே வகை மின்னூட்டம் கொண்ட தூசுகள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. எதிர் மின்னூட்டம் கொண்ட ஒரு பொருளைக் கலந்தால் அது அவற்றைப் பிடித்துக்கொண்டு, பாரமாகி, அடியில் இறங்கும். மது செய்யும் தொழிலில் தெளிய வைத்தல் என்பது இவ்வளவுதான். நமக்கு அது புதுக் கலை அல்ல.

எந்தப் பொருளைக் கலக்கிறார்கள் என்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பிரான்ஸ் நாட்டுப் போர்தோவில் சிவப்பு மதுவுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலக்கிறார்கள். வெள்ளைக்கருவின் புரதம் துவர்ப்போடு சேர்ந்து திரிந்து கீழே படியும். 225 லிட்டர் பீப்பாய்க்கு நான்கு முதல் ஆறு முட்டை போதும். கணக்கிட்டுப் பாருங்கள், ஐந்து லிட்டர் ஜாடிக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் பத்தில் ஒரு பங்குதான் வரும். "ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் இன்னும் தெளியும்" என்று நினைத்து முழு முட்டையைக் கொட்டினால், பிடிப்பதற்குத் தூசு இல்லாமல் மிஞ்சிய புரதமே புதுக் கலங்கலாகிவிடும். வெள்ளை மதுவுக்குப் பென்டொனைட் என்ற களிமண் ஏற்றது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்த, நீரில் ஊறிப் பலமடங்கு உப்பும் மண் அது. மதுவிலுள்ள புரதத்தை அது பற்றிக்கொள்ளும். சிலர் ஜெலட்டின் போடுகிறார்கள். மாட்டெலும்பு, மாட்டுத் தோல், பன்றித்தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது ஜெலட்டின். மாட்டிறைச்சி தொடாத வீட்டாரும் புலால் உண்ணாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது; போத்தலின் மேல் இது பெரும்பாலும் எழுதியிருப்பதில்லை.

நம் பக்கத்து ஊரோடு தொடர்புள்ள ஒன்றும் உண்டு. சில மீன்களின் வயிற்றிலுள்ள காற்றுப்பையை எடுத்துக் காயவைப்பார்கள். சீனர் மருந்துக்கடைகளில் மஞ்சள் நிறத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காற்றுப்பையைக் கரைத்துத்தான் இங்கிலாந்தில் பீரைத் தெளிய வைத்தார்கள். அந்தப் பழைய வணிகத்தில் பினாங்கு என்ற பெயரிலேயே ஒரு ரகம் விற்றது. பினாங்குத் துறைமுகம் வழியாகப் போன மீன் நெட்டி லண்டன் பீப்பாயைத் தெளிவித்திருக்கிறது. பப்பாளியும் இதில் சேர்த்தி. குளிரூட்டினால் பீர் மங்கிப்போவதைத் தடுக்க, புரதத்தைச் செரிக்கும் பப்பாளிப் பாலைப் பயன்படுத்தும் முறைக்கு 1911இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். கறி மெதுவாக வேகப் பச்சைப் பப்பாளித் துண்டு போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் காப்புரிமையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

வடிகட்டுவது இன்னொரு வழி. ஆனால் வீட்டில் அது எளிதாகக் கைகூடுவதில்லை. ஈஸ்டின் ஓர் உயிரணு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். வேட்டித் துணியின் இழைகளுக்கிடையே அது நடந்தே போய்விடும். காப்பி வடிகட்டும் தாளில் ஊற்றினால் பசை அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கும். அதற்குள் காற்றுப் பட்டு மது பழுப்பேறி, மணம் கெட்டுவிடும். தொழிற்சாலையில் அழுத்தம் கொடுத்து மிக நுண்ணிய தகடுகள் வழியாகச் செலுத்துகிறார்கள். வீட்டு அளவில் பொறுமைதான் நல்ல வடிகட்டி. குளிர்ந்த இடத்தில் ஆட்டாமல் வைத்து, அடியில் வண்டல் படிந்ததும் ஒரு ரப்பர்க் குழாயின் நுனியை வண்டலுக்கு மேலே நிறுத்தி, தெளிவை மட்டும் வேறு ஜாடிக்கு இறக்குவார்கள். பழக்காடி செய்கிற வீட்டாருக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும்.

தண்ணீரைத் தெளிய வைப்பதும் இதே வித்தைதான். கலங்கிய குளத்து நீரைக் கொண்டுவந்து, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். கலித்தொகையிலேயே அந்த விதையைப் பற்றிய பேச்சு வருகிறது. பிறகு படிகாரம் வந்தது. மலாய்க்காரர்கள் அதைத் தாவாஸ் என்பார்கள். மழைக்காலத்தில் தேநீர் நிறத்தில் ஓடும் மூடா ஆற்றிலிருந்துதான் கெடாவுக்கும் பினாங்குக்கும் குடிநீர் எடுக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகார வகை மருந்தைக் கலந்து, மண்ணைக் கீழே இறக்கி, மணல் வழியாக வடிகட்டுகிறார்கள். நீர் அப்போதே கண்ணாடியாகிவிடும். ஆனால் அங்கே நிறுத்திவிடுகிறார்களா? இல்லை. அதன் பிறகுதான் குளோரின் சேர்க்கிறார்கள்.

ஏன் சேர்க்கிறார்கள் என்று கேட்டால், லண்டன் மாநகரில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். 1854ஆம் ஆண்டு பிராட் வீதியில் ஓர் அடிகுழாய் இருந்தது. அந்தத் தண்ணீர் தெளிவாகவும் சுவையாகவும் இருப்பதாக அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். அந்தத் தெருவில் முன்பு குடியிருந்த ஒரு விதவை அம்மையார், தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டுக்குக் குடிபோன பிறகும் அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று தினமும் வண்டியில் ஒரு போத்தல் வரவழைத்துக் குடித்தார். செப்டம்பர் தொடக்கத்தில் அவர் வாந்திபேதி கண்டு இறந்தார். அவர் இருந்த பகுதியில் வேறு யாருக்கும் அந்த நோய் இல்லை. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அந்தப் போத்தலைக் கொண்டே, நோய் குழாயிலிருந்து வந்தது என்று காட்டினார். ஆக, தெளிந்த நீரிலும் கொல்லும் கிருமி இருக்கும். மூடா ஆற்று நீரில் குளோரின் விழுவது அதற்காகத்தான். படிகாரம் போட்ட கிணற்றுத் தண்ணீரையும் நன்றாகக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் சொல்வதும் அதற்காகத்தான்.

மதுவிலும் இப்படி நடந்திருக்கிறது. 1696இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் சில துறவிகள் கடும் வயிற்று வலியால் துடித்தார்கள். நகர மருத்துவர் எபெர்ஹார்ட் கோக்கெல் கவனித்தபோது, மது குடிக்காத துறவிகளுக்கு வலி இல்லை என்று கண்டார். புளித்துப்போன மதுவைச் சரிக்கட்ட வியாபாரிகள் ஈயச் சாம்பலைக் கலந்திருந்தார்கள். ஈயம் கரைந்தால் புளிப்பு மறைந்து இனிப்பு வரும், மது கலங்காது. எத்தனை முட்டை கொட்டினாலும், எத்தனை துணியில் வடித்தாலும் மிதக்கிற பொருளை எடுக்கலாமே தவிர, கரைந்துபோன ஈயத்தை எடுத்துவிட்டோம் என்று நம்ப முடியாது. உப்புக் கரைத்த தண்ணீரைத் துணியில் வடித்தால் உப்பு துணியில் நிற்குமா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். தோட்டத்துக் கள்ளுக்கடையில் விற்ற கள், வெள்ளையாகக் கலங்கித்தான் இருக்கும். உயிரோடு இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும்தான் அந்தக் கலங்கல். காலையில் இறக்கியது மாலைக்குள் புளிக்கும், மறுநாள் காடியாகும். அது செய்த கேட்டை நாம் மறக்கவில்லை. சம்பளப் பணம் வீட்டுக்கு வராமல் கள்ளுக்கடையில் நின்றதைக் கண்டு பொறுக்காமல், போர் முடிந்த கையோடு, பீடோங் அருகிலுள்ள ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947இல் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. கெடாத் தொழிலாளர் வரலாற்றில் அந்தப் பெயருக்குத் தனி இடம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் குறைவு என்பது எங்கள் மனக்குறை.

கள்ளின் இடத்தில் சம்சு வந்தது. சிறு போத்தலில், மலிவான விலையில், தண்ணீர்போல் தெளிந்த சரக்கு. கள் அழுக்கு, சம்சு சுத்தம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இந்த மலிவுச் சாராயத்தை எதிர்த்துப் பேசிவந்திருக்கிறது. ஆனால் "கண்ணாடி மாதிரி இருக்கு" என்ற வார்த்தைக்கு அந்தப் பேச்சையெல்லாம் தாண்டும் வலிமை இருக்கிறது.

சம்சுவோ, திருட்டுச் சாராயமோ, பெயர்பெற்ற விஸ்கியின் சீட்டை ஒட்டிய போலிப் போத்தலோ, இவற்றில் அஞ்ச வேண்டியது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும் எரிபொருளாகவும் பயன்படும் சாராய வகை இது. குடிக்கும் சாராயத்தின் பெயர் எத்தனால். இரண்டும் நிறமற்றவை. இரண்டும் தண்ணீரில் முழுவதும் கரைபவை. நாக்கும் மூக்கும் ஏமாந்துபோகும். பழம் புளிக்கும்போதும் பெக்டினிலிருந்து மெத்தனால் கொஞ்சம் உண்டாகிறது. ஒழுங்காகப் புளித்த பழரச மதுவில் அது ஆளைக் கொல்லும் அளவுக்கு இருப்பதில்லை. ஆளைக் கொல்வது, மலிவு என்று யாரோ பீப்பாயிலிருந்து ஊற்றிக் கலந்த தொழிற்சாலை மெத்தனால். முட்டை வெள்ளைக்கரு அதைத் தொடாது. களிமண் தொடாது. வடிதாள் வழியாக அது தண்ணீரோடு தண்ணீராக இறங்கும். அடுப்புக்கரியில் வடித்தால் நஞ்சு போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். நாற்றம் கொஞ்சம் போகலாம், மெத்தனால் போகாது.

வயிற்றுக்குள் போனதும் என்ன நடக்கிறது தெரியுமா? கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. நேயர்களே, ஃபார்மிக் அமிலம் என்பது வேறொன்றுமல்ல. ஸ்டோரில் பால் உறைய ஊற்றினார்களே, கையில் பட்டால் தோல் வெந்துபோகுமே, அதே ஆசிட்தான். குடித்தவருடைய இரத்தத்தில் அந்த ஆசிட் சுரந்து தேங்குகிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை அது முதலில் கெடுக்கிறது. ஆகவேதான் பிழைத்தவர்களில் சிலர் பார்வையிழந்து பிழைக்கிறார்கள்.

இதில் பெரிய ஏமாற்று, காலதாமதம். குடித்தவுடன் வழக்கமான போதைதான் தெரியும். பன்னிரண்டு மணி நேரமோ, ஒரு நாளோ, சிலருக்கு அதற்கும் மேலோ ஆகும். கூடவே எத்தனாலும் கலந்திருந்தால் கல்லீரல் முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். மெத்தனாலின் வேலை இன்னும் தள்ளிப்போகும். அதனால் வீட்டார் "நேற்றுக் குடித்தது, இன்று தலைவலி" என்று விட்டுவிடுகிறார்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இப்படித்தான் மெத்தனால் கலந்த மதுவால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேபாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்களில் பலர். 2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் என்ற பகுதியில் ஒரே நேரத்தில் வீடு வீடாகச் சாவு விழுந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கூலி வேலை முடித்துக் களைப்புத் தீரக் குடித்தவர்கள் அவர்கள். இரு நாடுகளிலும் உயர்ந்த ஓட்டலில் குடித்தவர்களுக்கு எதுவும் நேரவில்லை. மலிவான சரக்கைத் தேடிப் போக வேண்டிய சம்பளம் வாங்குபவர்களே இந்த நஞ்சுக்கு இரையாகிறார்கள் என்பதை ஆட்சியாளர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே வீட்டிலிருப்பவர்கள் சில அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடித்த மறுநாளும் போதை தெளிந்த பிறகு வாந்தி, கடும் வயிற்று வலி, தலைச்சுற்றல் இருந்தால் சந்தேகப்படுங்கள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கினால் இன்னும் சந்தேகப்படுங்கள். "கண்ணு மங்குது, எல்லாம் பனியா வெள்ளையாத் தெரியுது" என்று அவர் சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பதில் நேரம் போக்க வேண்டாம். மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் ஏறிவிடும். மெத்தனால் நஞ்சுக்கு மருத்துவமனையில் சில சமயம் எத்தனாலையே மாற்று மருந்தாகக் கொடுப்பதுண்டு. அதை எங்கோ கேட்டுவிட்டு, வீட்டில் இன்னொரு போத்தல் ஊற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது இரத்தத்தை அளந்து பார்த்து மருத்துவர் கொடுக்கும் அளவு. நம் கையால் செய்கிற காரியமல்ல. தேவைப்பட்டால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்திலும் வைப்பார்கள். நேரத்தோடு போனால் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற வழி இருக்கிறது.

999 எண்ணை அழையுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வெட்கப்பட்டு, "கெட்டுப்போன சாப்பாடு" என்று மருத்துவரிடம் சொல்லிவிடாதீர்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார், யார் யாரோடு குடித்தார் என்பதைச் சொல்லுங்கள். அதே போத்தலில் குடித்த மற்றவர் ஒருவர் அடுத்த வீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருக்கலாம். கதவைத் தட்டி எழுப்பிக் கூடவே அழைத்துப் போங்கள். போத்தலில் மிச்சமிருப்பதைக் கோபத்தில் சாக்கடையில் கொட்டிவிட வேண்டாம். மூடியை இறுக்கி மூடி, அதையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.